20 வளைவுகள், ஒரு சிவப்பு ஓணான், அம்மாவின் கறிவேப்பிலைச் செடி... ஏற்காட்டில் ஒரு நாள்!

ஏற்காட்டுக்கு எதற்குப் போவோம்? ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட்டில் ஒரு செல்ஃபி, பக்கோடா பாயின்ட், திரும்பும்போது கால் கிலோ காபித்தூளும் கொஞ்சம் மிளகும். சேலத்துக்காரன் என்பதால் இதையெல்லாம் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே முடித்துவிட்டேன். இந்த ஜூன் மாதம் நான் மலை ஏறியது ஓர் ஓணானைப் பார்க்க.

"ஒடக்கான் பாக்க ஏற்காடா? நம்ம வேலியிலயே நாலு ஓடுதேடா" என்று அம்மா சிரித்தார். எங்கள் பக்கத்தில் ஓணானுக்கு ஒடக்கான் என்றுதான் பெயர். சிரித்த கையோடு ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறியும் விட்டார். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தபோது காலை எட்டு மணி. அங்கிருந்து மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

கோடை விடுமுறைக் கூட்டம் வடிந்திருந்தது. கீழ்ப்பகுதிக் காடு மேலே இருப்பதுபோலக் குளுமையானது இல்லை. வறண்ட மரங்கள், முள், நடுநடுவே யானை படுத்திருப்பதுபோலப் பாறைகள். ஏழெட்டு வளைவுகள் ஏறியிருப்போம். வண்டியை ஓரங்கட்ட இடம் இருந்த ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன். பாறையை ஐந்து நிமிடம் பார்த்தோம். வெறும் பாறை.

"அங்க பாரு, குங்குமம் கொட்டின மாதிரி" என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான்.

பாறையின் உச்சியில் ஓர் ஆண் பாறை ஓணான். முதுகு முழுக்கச் செக்கச்செவேல். இரண்டு பக்கமும் கரி பூசினதுபோலக் கறுப்பு. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது, முன்னங்காலை ஊன்றி தண்டால் எடுத்தது. அந்தப் பாறையில் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. பிறகுதான் கீழே இரண்டடி தள்ளி இன்னொன்று இருப்பது தெரிந்தது. பழுப்பும் சாம்பலுமாக, பாறையின் ஒரு துண்டுபோலவே. பெண். நாங்கள் அத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம், அது ஓணான் என்று தெரியாமல்.

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. ஆண் ஓணான் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டியபோது அந்தச் சிவப்பில் பாதி இல்லை. மங்கிய பழுப்பு. "சட்டைய மாத்திக்கிச்சா?" என்றார் அம்மா.

அப்படியும் சொல்லலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரும் அனுராதா பதாபியாலும் தென்னிந்தியப் பாறை ஓணான்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். 2017-ல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, இந்த ஆணிடம் இரண்டு விசேஷ உடுப்புகள் உண்டு. பெண் முன்னால் நிற்கும்போது முதுகு சிவப்பு, பக்கவாட்டு கறுப்பு. இன்னோர் ஆணோடு மல்லுக்கு நிற்கும்போது முதுகு மஞ்சள், பக்கவாட்டு ஆரஞ்சு. பெண்ணுக்கான உடுப்பு கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எடுப்பானது. சண்டைக்கான உடுப்பு அவ்வளவு எடுப்பில்லை, ஆனால் சீக்கிரம் வந்துவிடும். யோசித்தால் நியாயம்தான். பெண் பார்க்கப் போகிறவனுக்கு அலங்கரிக்க நேரம் உண்டு. தெருவில் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டால் அங்கே கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வேலை முடிந்ததும் இரண்டையும் கழற்றிவிடலாம் என்பதுதான் முக்கியம். ஏனென்றால் பாறையில் நிற்கும் ஓணானைப் பெண் ஓணான் மட்டும் பார்ப்பதில்லை. மேலே சுற்றும் வல்லூறு பார்க்கிறது. புதருக்குள்ளிருந்து செண்பகம் பார்க்கிறது. பாம்பு பார்க்கிறது. துணை கிடைக்க வேண்டுமென்றால் கண்ணில் பட வேண்டும். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் கண்ணில் படவே கூடாது. உடம்போ ஒன்றுதான். எடுப்பான நிறம் உள்ளவனுக்குத் துணை கிடைக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. மங்கல் நிறத்தவன் பருந்தின் கண்ணில் படாமல் பல நாள் வாழ்கிறான். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக இழுபட்டு இழுபட்டு அந்த நிறம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. ஓணான் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து வயதில் நான் ஓர் ஓணானைக் கொன்றிருக்கிறேன். வேலி ஓணான். ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதில் எங்கள் தெருப் பையன்கள் கெட்டிக்காரர்கள். அன்று அதன் தொண்டையும் கன்னமும் சிவந்து கிடந்தன. "பாரு, நம்ம ரத்தத்த உறிஞ்சுது. தள்ளி நின்னே உறிஞ்சும்" என்றான் பெரிய பையன் ஒருவன். தலையை ஆட்டி ஆட்டி அது உறிஞ்சுவதாகவே எனக்கும் பட்டது. கல்லை நான்தான் போட்டேன். ஆங்கிலேயர்களும் இதற்கு 'பிளட் சக்கர்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அது தின்பதெல்லாம் பூச்சி. அந்தச் சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் கல்யாணக் களை. யாருக்கோ காட்டிய நிறத்தை நாங்கள் தப்பாக வாசித்தோம்.

அம்மாவிடம் அந்தப் பாறை முன்னால்தான் முதல்முறையாக இதைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும். சாயங்காலம் நீ சாப்பிடல" என்றார்.

விரித்து மடக்கும் கட்சி ஒன்றும் நம் ஊரில் உண்டு. சமவெளியின் வறண்ட காடுகளில் திரியும் விசிறித்தொண்டை ஓணான். ஆணின் கழுத்துக்குக் கீழே ஒரு மெல்லிய தோல். வேண்டும்போது விசிறியாக விரியும், வேண்டாதபோது மடிந்து மண் நிறத்தில் மறைந்துவிடும். 2016-ல் இந்த வகையில் புதிதாக அடையாளம் கண்ட இனங்களில், தமிழ்நாட்டில் இருக்கும் ஒன்றுக்கு 'சிட்டானா விசிரி' என்று பெயர் வைத்தார்கள். நம் பனையோலை விசிறிதான். லத்தீன் பெயர்களுக்கு நடுவே அதைப் படித்தபோது ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. பதினைந்தாவது வளைவுக்குப் பிறகு அம்மா முந்தானையால் காதை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் காபி, அதற்கு நிழலாக ஓங்கிய சில்வர் ஓக், மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஏற்காட்டின் 'இயற்கை அழகு' என்று நாம் போட்டோ எடுப்பதில் பாதி, இப்படி வந்து குடியேறியது. அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் இங்கே வாழும் ஒவ்வொரு சின்ன உயிரும் ஒளிந்துகொள்ளும் சுவரை மனிதர்கள் ஒருமுறை மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எஸ்டேட் ஓரத்தில் டீ குடிக்க நின்றோம். தலைக்கு மேலே "குட்ரூ... குட்ரூ... குட்ரூ" என்று விடாமல் ஒரு சத்தம். வெண்கன்னக் குக்குறுவான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை, கிழக்கே சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் இருக்கிறது. உடம்பெல்லாம் இலைப்பச்சை, தலை மட்டும் பழுப்பு, கன்னத்தில் வெள்ளைப் பட்டை. கழுத்து வலிக்கும்வரை தேடினேன்.

டீக்கடையில் நின்ற எஸ்டேட் அக்கா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குச் சத்தம் மட்டும்தான் தம்பி. ஆளு இருக்காது."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. பாறை ஓணானுக்குத் திறந்த வெயில், திறந்த பாறை. அங்கே நிறம் செல்லுபடியாகும். இலை அடர்ந்த நிழலில் யார் எவ்வளவு சிவப்பாக நின்றாலும் பத்தடி தள்ளித் தெரியாது. அங்கே உடம்பைப் பச்சைக்குள் ஒளித்துவிட்டு, அழைப்பைக் குரலிடம் ஒப்படைத்துவிடுவது லாபம். இடம் மாறினால் சமிக்ஞையும் மாறும்.

ஏற்காட்டுக்கென்றே ஒரு பல்லி இருப்பது பல பேருக்குத் தெரியாது. ராணுவ அதிகாரியாக வந்து மதராஸ் வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், இந்த மலையில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல்லியை 1870-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஹெமிஃபில்லோடாக்டைலஸ் ஆரன்டியாகஸ் என்று வாயில் நுழையாத பெயர். 'ஆரன்டியாகஸ்' என்றால் ஆரஞ்சு நிறத்தது. மரப்பட்டை போன்ற முதுகு, பெயருக்குக் காரணமான ஆரஞ்சுச் சாயல், விரல் நீளம்கூட இல்லாத உடம்பு. 2019-ல் இந்தப் பல்லிக் கூட்டத்தை மறுபடி ஆராய்ந்தவர்கள், தென்னிந்தியாவின் மலைகளில் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் இனங்கள் ஒரு டஜன் இருப்பதைக் காட்டினார்கள். நம் பக்கத்து கொல்லிமலைக்குத் தனி இனமே இருக்கிறது. சமவெளி வெயில் என்கிற கடலுக்கு நடுவே ஒவ்வொரு குளிர்ந்த மலையும் ஒரு தீவு மாதிரி. ராத்திரிப் பிராணி என்பதால் அன்று எங்களுக்குத் தரிசனம் இல்லை.

ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகும் வழியில் உண்ணிச்செடிப் புதர் ஒன்றில் பட்டாம்பூச்சிகள். ஒரு கறுப்புப் பூச்சி, பின்சிறகில் வெள்ளைத் திட்டும் ரோஜா நிறப் புள்ளிகளும். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று. "ரெண்டும் ஜோடி" என்றார் அம்மா. ஜோடி இல்லை, ஒரே இனம்கூட இல்லை. ஒன்று ரோஜா அழகி. இதன் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வதால் பூச்சியின் உடம்பிலும் விஷம். ஒருமுறை கொத்திய பறவை அடுத்தமுறை கிட்ட வராது. இது ஒளிவதே இல்லை. 'நான்தான், பார்த்துக்கொள்' என்று மெதுவாக, சாவகாசமாகப் பறக்கும். மற்றது கறிவேப்பிலை அழகி. விஷம் ஒரு துளியும் கிடையாது. ரோஜா அழகியின் வேஷம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கண்டுபிடிக்க ஒரு வழி: ரோஜா அழகியின் உடம்பு சிவப்பு, வேஷக்காரியின் உடம்பு கறுப்பு. சிறகை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

வேஷம் கட்டுவது பெண்கள் மட்டும். அதிலும் எல்லோரும் இல்லை. சில பெண்கள் ஆணைப் போலவே சாதாரணக் கறுப்பு வெள்ளை. சிலர் ரோஜா அழகி மாதிரி. இன்னும் சிலர், அதே குடும்பத்தின் வேறொரு விஷப் பூச்சியான கிரிம்சன் ரோஸ் மாதிரி. எல்லோரும் வேஷம் கட்டினால் பறவைகள் விழித்துக்கொள்ளும், வேஷத்துக்கு மதிப்பிருக்காது. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ விஞ்ஞானிகளும் சேர்ந்து 2014-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, இத்தனை வேஷத்துக்கும் பின்னால் ஒரே ஒரு ஜீன் இருப்பதைக் காட்டியது. 'டபுள்செக்ஸ்' என்கிற அந்த ஜீனின் வழக்கமான வேலை, பூச்சியின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ வடிவமைப்பது.

ஆண் ஏன் இந்தப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை? முட்டை சுமந்து, செடி செடியாக மெதுவாகப் பறந்து திரிவது பெண். ஆபத்து அவளுக்குத்தான் அதிகம். ஆணுக்கோ, பழைய உருவத்தை மாற்றினால் பெண்கள் தன் இனத்தான் என்று ஏற்காமல் போகலாம், எதிராளி ஆண்களும் மதிக்காமல் போகலாம். 19-ம் நூற்றாண்டிலிருந்தே சொல்லப்படும் விளக்கம் இது. பாறை ஓணானிடம் பார்த்த அதே இழுபறிதான். அங்கே ஆண் சட்டையைப் போட்டுக் கழற்றுகிறது, இங்கே ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து புளிசாத டப்பாவைத் திறந்தபோது அம்மா கேட்டார். "எல்லாம் சரி. பருந்து பாத்துச்சு, பொண்ணு பாத்துச்சுன்னு சொல்ற. நிறம் அப்படி மாறுனத யாருடா கண்ணால பாத்தா? லட்ச லட்சமா வருஷம் ஆகும்ல?"

பார்த்திருக்கிறார்கள். அதுவும் நாம் பாட்டிலில் போட்டு வளர்த்த கப்பி மீனை வைத்து. கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் விடுவார்களே, அதே கப்பி. அதன் பூர்விகம் கரீபியன் கடலின் டிரினிடாட் தீவும் அதை ஒட்டிய தென் அமெரிக்கப் பகுதியும். ஜான் எண்ட்லர் என்கிற விஞ்ஞானி அங்கே கவனித்தது இது: பெரிய மீன்கள் கப்பியைப் பிடித்துத் தின்னும் ஓடைகளில் ஆண் கப்பிகள் மங்கல், ஆபத்து குறைந்த ஓடைகளில் பகட்டு. 1976-ல் ஆபத்தான ஓடையின் கப்பிகளைக் கொண்டுபோய், கப்பியே இல்லாத, பெரிய எதிரியும் இல்லாத ஓர் ஓடையில் விட்டார். 23 மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆண்களின் உடம்பில் புள்ளிகள் கூடியிருந்தன, பெரிதாகியிருந்தன. லட்சம் வருடம் இல்லை, இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. கப்பிக்கு அது ஏறக்குறைய 15 தலைமுறை.

எண்ட்லர் தொட்டிகளிலும் சோதித்தார். சிலவற்றின் அடியில் பொடிக்கல், சிலவற்றில் பெரிய கல். வேட்டை மீன் இருந்த தொட்டிகளில், தலைமுறைகள் போகப் போக, கப்பியின் புள்ளிகள் அடியில் கிடந்த கல்லின் அளவுக்கே வந்து சேர்ந்தன. வேட்டை மீன் இல்லாத தொட்டிகளில் நேர்மாறு: கல்லோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும் அளவுக்கு மாறின.

"அந்தப் பொண்ணு மீனுக்கு மட்டும் ஏன் அந்தக் கலர் புடிக்குதாம்?" அம்மா விடவில்லை. 2002-ல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு அழகான பதில் வைத்திருக்கிறது. ஆரஞ்சு நிற வில்லையைத் தண்ணீரில் போட்டால் ஆண், பெண் இரண்டு கப்பியுமே ஓடிவந்து கொத்துகின்றன. அந்த ஓடைகளில் மரத்திலிருந்து விழும் ஆரஞ்சு நிறப் பழங்கள் அவற்றுக்கு விருந்து. எந்த ஓடையின் கப்பிகள் வில்லையை அதிகம் கொத்தினவோ, அந்த ஓடையின் பெண்கள் ஆரஞ்சு கூடிய ஆணையே அதிகம் விரும்பின. பழத்துக்கு ஏங்கிய கண்ணை ஆண் தன் பக்கம் திருப்பிக்கொண்டதோ என்பது ஆய்வாளர்களின் கேள்வி. "பசிக்கிற கண்ணு" என்றார் அம்மா. கமலா ஆரஞ்சு சீசன் இல்லை என்பதில் அவருக்கு ஏற்கெனவே வருத்தம்.

கீழே இறங்கும்போது சாயங்காலம். ஒரு பெரிய பாறையில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் நீல எழுத்தில் ஒரு விடுதியின் விளம்பரம். போன் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பாறை ஓணான். அந்த வெள்ளைச் சுவரில் அதன் பழுப்பு, துணியில் விழுந்த காபிக் கறை மாதிரி இருபதடி தூரத்திலிருந்தே தெரிந்தது. காலையில் இரண்டடி தள்ளி நின்றும் எங்களை ஏமாற்றியது இதே இனம். அது எந்தத் தப்பும் செய்யவில்லை. எண்ட்லர் தொட்டியில் கல்லை மாற்றினார். இங்கே ஒரு டப்பா சுண்ணாம்பு. காபி வந்தபோது ஒரு முறை மாறிய சுவர், இப்போது வளைவுக்கு வளைவு மாறிக்கொண்டிருக்கிறது: புதிதாக வெட்டிய செம்மண், சிமென்ட் தடுப்பு, கறுப்பு-வெள்ளைப் பட்டை. கப்பிக்குப் பதினைந்து தலைமுறை அவகாசம் இருந்தது. விளம்பரம் எழுத ஒரு மதியம் போதும். பாறைகளில் எழுதுவதை நிறுத்துவது ஒன்றும் பெரிய திட்டம் இல்லை, காசும் செலவாகாது.

வண்டியை நிறுத்தி அம்மா கையைத் தட்டினார். அது குடுகுடுவென்று ஓடி, எழுத்து இல்லாத பக்கத்தில் போய் அப்பிக்கொண்டது. மறுபடி காணோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் போனது மொட்டைமாடிக்கு. தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. வருடா வருடம் புழு வந்து மொட்டையடித்துவிடும், அம்மா குச்சியால் எடுத்துக் கீழே வீசுவார். இலைமேல் காக்கா எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று கிடந்தது. எச்சம் இல்லை, புழு. சின்ன வயதில் அதற்கு அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். தொட்டுத் தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இதே செடியில் இதே வேஷத்தில் வளரும் என்பதால், எது யார் என்று அன்று சொல்ல முடியவில்லை.

அம்மா குச்சியை எடுத்தார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அடுத்த கிளையிலிருந்து நாலு இலை கிள்ளிக்கொண்டு ரசத்துக்கு இறங்கிப் போனார்.

நான் சென்னை திரும்பி மூன்று வாரம் இருக்கும். அலுவலகத்தில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, கொஞ்சம் கலங்கலாக. துணிக்கொடியில் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ரோஜா நிறப் புள்ளிகள். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"டேய், உடம்பு கறுப்புதான்டா. நல்லா கிட்டப் போய்ப் பாத்துட்டேன். நம்ம செடியில வளந்ததுதான்."